கபசுரக் குடிநீருக்குள் ஒரு காஞ்சொறி

கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டு கோடையில் தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீரைக் குடிக்காத வீடு அபூர்வம். ஏப்ரல் மாதம் மாநில அரசு 'ஆரோக்கியம்' என்ற சிறப்புத் திட்டத்தைத் தொடங்கி, நிலவேம்புக் குடிநீரையும் கபசுரக் குடிநீரையும் மக்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை மிரட்டி, பெரியவர்களைக் கெஞ்சி என்று எப்படியோ ஊரே அந்தக் கசப்பை விழுங்கியது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த பட்டியலை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது வேறு கதை.

படித்திருந்தால் சேலம் மாவட்டத்து ஆத்தூர்க்காரர்கள் சிலர் டம்ளரைக் கீழே வைத்திருப்பார்கள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோஷ்டம், சீந்தில், சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி, கோரைக்கிழங்கு ஆகியவற்றோடு பதினைந்தாவது சரக்காகச் சிறுகாஞ்சொறி வேரும் அதில் இருக்கிறது. செந்தட்டி என்றால் இன்னும் பலருக்குப் புரியும். வேலி ஓரத்தில் படர்ந்து கிடக்கும், பட்டால் போதும் அரைமணி நேரம் ஆளைக் குதிக்க வைக்கும், பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பையனின் சட்டைக் காலருக்குள் போட்டுவிட்டு வாத்தியாரிடம் அடி வாங்க வைத்த அதே கொடிதான்.

தொட்டால் தோலைத் தடிக்க வைக்கும் ஒரு செடியைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று எந்தத் துணிச்சல்காரர் முதலில் கண்டுபிடித்தாரோ தெரியாது. ஆனால் இதில் ஆத்தூர்ப் பக்கத்து மக்கள் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. நஞ்சுள்ள செடியை வைத்துப் பிழைக்கும் வித்தை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கொடியைப் பார்த்துவிடலாம். வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, தென்மேற்கே கொல்லிமலை, நடுவில் வசிஷ்ட நதி ஓடும் சமவெளி. மழை விழுந்து சில நாளில் காட்டு வேலிகளிலும் கிணற்று மேட்டிலும் செந்தட்டி தலைகாட்டும். மெல்லிய தண்டு, பக்கத்தில் எது கிடைத்தாலும் சுற்றிக்கொண்டு ஏறும். இலை நீள்வட்டமாக நுனி கூர்ந்து, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் மயிர். காய் மட்டும் தனி அடையாளம்: மூன்று பாகமாகப் பிரிந்து, சீப்புப் பல்போலப் பிளவுபட்ட சிறு இதழ்களின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆடு மேய்க்கிறவர்களுக்கு இந்த வர்ணனை எதுவும் தேவையில்லை. "அந்தப் பக்கம் போகாத, காஞ்சொறி கெடக்குது" என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

தாவரவியலில் இதன் பெயர் டிராஜியா இன்வோலுக்ரேட்டா. 1753இல் லின்னேயஸ் தம் புகழ்பெற்ற நூலில் பதிவுசெய்த பெயர். டிராஜியா என்ற முன்பாதி, பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மூலிகை அறிஞர் ஹிரோனிமஸ் போக் என்பவரைக் கௌரவிக்க வைக்கப்பட்டது. போக் என்றால் ஜெர்மன் மொழியில் கிடா. அந்தக் காலத்து வழக்கப்படி அவர் தம் பெயரைக் கிரேக்கச் சொல்லில் டிராகஸ் என்று மாற்றி வைத்துக்கொண்டார். ஆக, நம் வேலியோரக் கொடி ஒரு ஜெர்மன் ஆட்டுக்கிடாயின் பெயரைச் சுமந்துகொண்டு அலைகிறது.

இதன் மயிர் குத்துகிற விதம் கவனிக்கத் தக்கது. நுனியில் கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பால் ஆன ஊசி ஒன்று செல்லுக்குள் தயாராக நிற்கிறது. கை பட்டதும் அந்த ஊசி தோலுக்குள் இறங்குகிறது. அதன் பள்ளத்தின் வழியாகவே எரிச்சலூட்டும் சாறும் உள்ளே போகிறது. கால்சியம் ஆக்ஸலேட் நமக்கு அன்னியமான பொருளல்ல. சரியாக வேகாத கருணைக்கிழங்கைத் தின்றால் நாக்கும் தொண்டையும் பிடித்துக்கொண்டு அரிக்கிறதே, அதற்கும் இதே உப்பின் ஊசிகள்தான் காரணம். அதனால்தான் கருணைக்குப் புளி போடாத சமையல்கட்டே இல்லை.

ஐரோப்பாவில் 'நெட்டில்' என்று அழைக்கப்படும் செடியின் ஊசி வேறு வகை. அதன் பெயர் உர்டிகா டையோயிகா. அதன் மயிர் கண்ணாடிக்குழாய் மாதிரி. நுனியில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா. தொட்டவுடன் நுனிக்குமிழ் உடைந்து, மிச்சமிருப்பது டாக்டர் கையிலிருக்கும் ஊசிபோலச் சாய்வாக நிற்கும். 1665இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் அந்த மயிர்கள் தம் தோலிலேயே இறங்குவதை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து எழுதி வைத்தார். வலியைப் பொறுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சாற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிய இன்னும் ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. 1947இல் எம்மெலின், ஃபெல்ட்பெர்க் என்ற இருவர் அதில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருப்பதைக் கண்டறிந்தார்கள். கொசு கடித்தால் நம் உடம்பே சுரக்கும் ஹிஸ்டமினை இந்தச் செடி தானே தயாரித்து வைத்திருக்கிறது.

நெட்டில் குடும்பத்திலேயே கொடூரமானது ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஜிம்பி-ஜிம்பி என்பார்கள். பட்டால் வலி நாள் கணக்கில் நிற்கும், சிலருக்கு வாரக்கணக்கில். அதன் நஞ்சு சிலந்தி, கூம்புச் சங்கு ஆகியவற்றின் நஞ்சைப் போன்ற வடிவம் கொண்டது என்று குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் நம் செந்தட்டி சாது.

இங்கேதான் வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். செந்தட்டியும் ஐரோப்பிய நெட்டிலும் ஒன்றல்ல. ஒன்றுக்கொன்று உறவுகூட இல்லை. இரண்டும் கொட்டும், அவ்வளவுதான். தேளும் குளவியும் கொட்டுகின்றன என்பதற்காக இரண்டையும் ஒரு ஜாதியில் சேர்ப்பதில்லை அல்லவா?

அப்படியானால் செந்தட்டியின் சொந்தக்காரர்கள் யார்? ஆத்தூரிலிருந்து சேலம் போகும் சாலையில் ஏத்தாப்பூர் வருகிறது. அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டு பயிருக்கும் சேர்த்து ஒரே நிலையம் வைத்தவர்கள் இந்த வட்டாரத்தில் எது விளைகிறது என்பதைப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆனால் தாவரவியல்படியும் அந்த இரண்டும் ஒரே குடும்பம். ஆமணக்குக் குடும்பம் என்றே அதற்குப் பெயர். செந்தட்டியும் அதே குடும்பத்துப் பிள்ளை. நம்பாதவர்கள் கொட்டமுத்து என்கிற ஆமணக்குக் காயையும், மரவள்ளிச் செடியில் எப்போதாவது பிடிக்கும் காயையும், செந்தட்டிக் காயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றும் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. ஏத்தாப்பூர் நிலையத்து வேலியில் செந்தட்டி படர்ந்தால் அது அத்துமீறல் அல்ல, சித்தப்பா வீட்டுக்கு வந்ததாகத்தான் கணக்கு.

இந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடச் சும்மா கையில் அகப்பட மாட்டார்கள். ஆமணக்கு விதைக்குள் ரைசின் என்ற கொடிய நஞ்சு. 1978இல் லண்டனில் ஜார்ஜி மார்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரைக் கொன்றது அதுதான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவரின் தொடையில் குண்டூசித் தலையளவு உருண்டையாக அது ஏற்றப்பட்டது. அதே விதையைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும்போது நஞ்சு செயலிழந்து சக்கையோடு நின்றுவிடுகிறது. கிடைக்கும் விளக்கெண்ணெயைப் பச்சைக்குழந்தைக்கும் கொடுத்தார்கள் நம் பாட்டிகள். மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. குச்சிக்கிழங்குத் தழையைக் கண்டபடி தின்ற ஆடு வயிறு ஊதிக் கிடப்பதை இந்தப் பக்கத்து விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, தண்ணீரில் கரைத்து, மாவைத் தெளிய வைத்து, வறுத்து ஜவ்வரிசி ஆக்கினால் பாயசம். சேலத்தில் 1943இல் தொடங்கிய அந்தத் தொழில் இன்று ஆத்தூர்ச் சாலையின் இரண்டு பக்கமும் சேகோ ஆலைகளாக நிற்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆக, நஞ்சைக் கழித்துச் சாரத்தை எடுப்பது ஆத்தூருக்கு அன்றாட வேலை. செந்தட்டியிலும் அதே கதைதான். கொட்டும் மயிர் இலையிலும் தண்டிலும் காயிலும் இருக்கிறது. வேரில் இல்லை. கபசுரக் குடிநீருக்குப் போவது வேர். அதையும் காயவைத்து, இடித்து, நாலில் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

சித்த மருத்துவத்தில் சிறுகாஞ்சொறி வேர் சுரம், கபம், இருமல், உடல்வலி ஆகியவற்றுக்கான சரக்கு. கபசுரக் குடிநீரின் செய்முறை 'சித்த வைத்தியத் திரட்டு' நூலில் இருக்கிறது. கொரோனாவுக்காக யாரும் புதிதாகக் கலந்ததல்ல. மலையாள வைத்தியர்கள் இதே கொடியைக் கொடித்தூவா என்பார்கள். வட இந்திய ஆயுர்வேதத்தில் துராலபா என்ற பெயருக்கு வறண்ட நிலத்து முட்செடி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். கேரளத்தில் அதே பெயருக்குக் கொடித்தூவா வேரைப் போடுகிறார்கள். தொட முடியாதது என்று பொருள்படும் இன்னொரு வடமொழிப் பெயரும் அந்தச் சரக்குக்கு உண்டு. முள்ளும் தொட முடியாது, காஞ்சொறியும் தொட முடியாது. பெயர் இரண்டுக்கும் பொருந்துகிறது, செடி மட்டும்தான் வேறு. மருந்துச் செடி விஷயத்தில் பெயரை நம்பிக் கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நவீன ஆய்வுக்கூடங்களும் செந்தட்டியைச் சும்மா விடவில்லை. வேர்ச்சாறும் இலைச்சாறும் எலிகளில் வீக்கத்தைக் குறைத்ததாகவும், புண் ஆறுவதை விரைவுபடுத்தியதாகவும், சில பாக்டீரியாக்களைத் தடுத்ததாகவும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. செந்தட்டியைத் தனி மருந்தாக மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்த பெரிய ஆய்வு என்று காட்ட ஒன்றும் இல்லை. கபசுரக் குடிநீர் குடித்தவர்களின் அனுபவத்தை வைத்து இந்த ஒரு வேரின் குணத்தைச் சொல்வதும் நியாயமாகாது. பதினைந்து பேர் இழுத்த தேரில் ஒருவருக்கு மாலை போடுவது போலாகிவிடும்.

மனிதர்களில் நடந்த சோதனைகள் ஐரோப்பிய நெட்டிலுக்குத்தான் இருக்கின்றன. அதில் சில சுவாரஸ்யமானவை. மூட்டுவலிக்கு நெட்டில் இலையால் வலிக்கிற இடத்திலேயே அடித்துக்கொள்வது அங்கே பழைய பாட்டி வைத்தியம். இங்கிலாந்தின் பிளிமத் நகரத்து ஆய்வாளர்கள் அதை முறையாகச் சோதித்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கட்டைவிரல் அடி மூட்டில் தேய்மான வலி உள்ள 27 பேர். ஒரு வாரம் கொட்டும் இலை, இடைவெளி விட்டு இன்னொரு வாரம் அதே மாதிரி தோற்றமுள்ள கொட்டாத இலை. கொட்டும் இலை வைத்த வாரத்தில் வலி கணிசமாகக் குறைந்தது. 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இலை எரிகிறதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும் என்பதால் எது மருந்து, எது போலி என்று முழுக்க மறைக்கவும் முடியாது. ஆனாலும் பாட்டியின் பேச்சைத் தள்ளிவிடாமல் அளந்து பார்த்தார்களே, அந்தப் பொறுமையைப் பாராட்ட வேண்டும்.

வயதான ஆண்களைப் படுத்தும் புரோஸ்டேட் வீக்கத்துக்கு நெட்டிலின் வேரைக் கொடுப்பது ஜெர்மனியில் அங்கீகரிக்கப்பட்ட வழக்கம். ஈரானில் 620 பேரிடம் 6 மாதம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2005இல் வந்தது. வேர் மருந்து எடுத்தவர்களில் 81 சதவீதத்தினர் சிறுநீர்த் தொல்லை குறைந்ததாகச் சொன்னார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 16 சதவீதத்தினர். சுரப்பியின் அளவு சிறிதளவே சுருங்கியது. அதாவது தொல்லை தணிகிறது, வீக்கம் கரைந்து போவதில்லை. இரவில் நாலு தடவை எழுந்திருக்கிற பெரியவர்கள் இதைப் படித்துவிட்டு வேலியோரத்துச் செந்தட்டியைப் பிடுங்கிக் கஷாயம் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் மேலே அவ்வளவு தூரம் உறவுமுறை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேர் வேறு, இந்த வேர் வேறு.

சத்துக் கணக்கிலும் இதே குழப்பம் நடக்கிறது. செந்தட்டிக் கீரை இரும்புச்சத்துச் சுரங்கம், கால்சியம் மலை என்று செல்போனில் வலம்வரும் தகவல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நெட்டிலின் எண்களை எடுத்து நம் கொடியின் படத்தோடு ஒட்டியவை. சரி, அந்த எண்கள்தான் என்ன? அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியல்படி, கொதிநீரில் போட்டு எடுத்த நெட்டில் இலை 100 கிராமில் 42 கலோரி, புரதம் 2.7 கிராம், நார்ச்சத்து 6.9 கிராம், கால்சியம் 481 மில்லிகிராம், இரும்பு 1.6 மில்லிகிராம். வைட்டமின் கே ஏறக்குறைய 500 மைக்ரோகிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாள் தேவைப்படுவதைப்போல நாலைந்து மடங்கு.

கால்சியம் நன்றாகவே இருக்கிறது. பசும்பாலில் 120 மில்லிகிராம்தான். ஆனால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல ஆண்டுகளாக வெளியிட்ட பட்டியலில் முருங்கைக்கீரைக்கு 440, அகத்திக்கீரைக்கு 1130 என்று இருக்கிறது. பசுவுக்குக் கொடுக்கவென்று அமாவாசை அன்று வாங்கும் அகத்திக்கட்டு, நெட்டிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கால்சியம் கொண்டது! இரும்பைப் பொறுத்தவரை 1.6 மில்லிகிராம் என்பது தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் அளவல்ல. விளம்பரங்களில் வரும் பெரிய எண்கள் காய்ந்த இலைப்பொடிக்கு உரியவை. எந்தக் கீரையையும் காயவைத்துத் தண்ணீரை வெளியேற்றினால் 100 கிராமுக்கு உரிய எண் பல மடங்கு ஏறத்தான் செய்யும். நூறு கிராம் கீரையைப் பொரியலாக ஒரு வேளையில் தின்னலாம். நூறு கிராம் பொடியை யார் தின்பார்கள்? முருங்கைப்பொடி வியாபாரிகளும் இதே கணக்கைத்தான் காட்டுகிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கும் ஆத்தூர்க் குடும்பம், பாக்கெட்டில் வரும் நெட்டில் டீயை ஊட்டச்சத்துக்காக வாங்குவது வீண்செலவு. ருசிக்காக வாங்கினால் அது அவரவர் விருப்பம்.

அதற்காக நெட்டில் மட்டமான கீரை என்றும் ஆகிவிடாது. முருங்கையும் அகத்தியும் வளராத குளிர்நாட்டில் அதுதான் முருங்கை. உத்தராகண்டில் அதைக் கண்டாலி என்றும் பிச்சூ காஸ் என்றும் சொல்வார்கள். பிச்சூ என்றால் தேள், காஸ் என்றால் புல். தேள்புல் என்று பெயர் வைத்தும் அதைக் கடைந்து சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நேபாளத்தில் அதுவே சிஸ்னு. இடுக்கியால் இளந்தளிரைக் கிள்ளி, நேராகக் கொதிநீரில் போடுவார்கள். சூடு பட்டதும் மயிர் தளர்ந்து, சாறு கரைந்து, கொட்டுகிற குணம் போய்விடும். அதற்குப் பிறகு பசலைக்கீரை மாதிரிதான். பூப்பதற்கு முந்தைய தளிரைத்தான் எடுப்பார்கள். முற்றிய இலையில் சுண்ணாம்புத் துகள்கள் சேர்ந்துவிடும். திபெத்திய யோகி மிலரேபா குகையில் நெட்டில் கஞ்சியை மட்டுமே குடித்துத் தவம் செய்ததால் உடம்பே பச்சையாகிப் போனார் என்று ஒரு கதை உண்டு. ஓவியங்களில் அவரைப் பச்சை நிறத்திலேயே தீட்டுகிறார்கள்.

ஸ்வீடனில் வசந்த காலம் வந்தால் நெட்டில் சூப். இங்கிலாந்தின் கார்ன்வாலில் யார்க் என்ற பாலாடைக்கட்டியை நெட்டில் இலையில் சுற்றி முதிர வைக்கிறார்கள். முதல் உலகப்போரில் பருத்தி கிடைக்காத ஜெர்மனி, நெட்டில் தண்டிலிருந்து நாரெடுத்து ராணுவத் துணி நெய்தது. நம் நீலகிரியிலும் கொட்டும் செடி ஒன்றின் நாரைத் தோடர்கள் நூலாக்கியிருக்கிறார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளரும் அந்தச் செடிக்கு, புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயர் சூட்டப்பட்டது. அது நிஜமாகவே நெட்டில் குடும்பம். இமயமலையில் அதே இனத்து நாரை அல்லோ என்ற பெயரில் நேபாளத்துப் பெண்கள் இன்றைக்கும் நெய்கிறார்கள்.

தெற்கில் கொட்டும் இலையைச் சமைக்கும் வழக்கமே இல்லையா என்று கேட்டால், மலை தாண்டிக் கேரளத்துக்குப் போக வேண்டும். கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், பத்து வகை இலைகளைச் சேர்த்துச் செய்யும் பத்திலைத் தோரனில் தகரை, தழுதாமை, சேம்பு, சேனை இலைகளோடு சொறியணம் என்ற கொட்டும் இலையும் பல வீடுகளில் சேர்கிறது. மழைக்காலத்தில் வயலில் காய்கறி இல்லாத நாட்களுக்கென்று பழகிய சமையல் அது. எந்த இலை, எந்தப் பருவம், எவ்வளவு வேக வைப்பது என்பதெல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு. சமவெளியில் அந்தத் தொடர்ச்சி இல்லாத வீட்டில் படம் பார்த்துச் செந்தட்டியைப் பறித்துக் கடைந்து பார்ப்பது விபரீத விளையாட்டு.

இதை மருந்தாக எடுக்கக்கூடியவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இதயத்துக்கு வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுக்கிறவர்கள் நெட்டில் பொடி, நெட்டில் டீ வாங்குமுன் டாக்டரிடம் கேட்க வேண்டும். அதில் நிறைந்திருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம். செந்தட்டி வேர் வேண்டுமென்றால் பதிவுபெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தாகவே வாங்கலாம். செடியை நிஜமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு மேட்டூர் அணையில் மத்திய அரசின் சித்த மருத்துவ மூலிகைத் தோட்டம் இருக்கிறது.

இனி, பட்டுவிட்டால் என்ன செய்வது? நம் ஊரில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம். தலைமுடியில் தேய்ப்பார்கள், திருநீறு போடுவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள், சாணியையும் அப்புவார்கள். சாணி கூடவே கூடாது. சொறிந்து புண்ணான தோலில் சாணி வைப்பது நோயை அழைத்து வருவது. எதை வைத்துத் தேய்த்தாலும் தோலில் நிற்கும் ஊசி இன்னும் ஆழமாக இறங்கும் என்பதால் தேய்க்காமல் இருப்பதே முதல் வைத்தியம். ஒட்டும் டேப் இருந்தால் அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் மயிர்கள் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கலமைன் லோஷன் தடவலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் வேலி வெட்டப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டால் இதில் எதுவுமே தேவைப்படாது.

வெட்டுவதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைக் குச்சியால் புரட்டிப் பார்க்கவும். முள்முள்ளாக ஒரு புழு இருக்கலாம். செம்பழுப்பு இறக்கையில் அலைஅலையாகக் கருங்கோடு ஓடும் சிறிய வண்ணத்துப்பூச்சி ஒன்றை ஆத்தூர்ப் பக்கம் ஆமணக்குக் காட்டில் எப்போதும் பார்க்கலாம், அதன் புழு அது. ஆமணக்கு இலையையும் அதன் உறவான செந்தட்டி இலையையும் தின்று வளரும் புழு, அந்த மயிர்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. கொட்டமுத்துச் செடிகளை வெட்டி அடுக்கிய பிறகு, அடுத்த விதைப்பு வரை அந்தப் பூச்சி முட்டையிட மிஞ்சுவது வேலியில் கிடக்கும் காஞ்சொறிதான்.